இரண்டு வரிக்கும் விலை உண்டு



வீட்டிலிருந்தபடியே இணையத்தளங்களுக்கு எழுதிக்கொடுத்து உழைக்கலாமா, அதில் ஒரு குடும்பம் சீவிக்கலாமா என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். முடியும். கிளிநொச்சிக்கு மீளக் குடியேறிய பின் தட்டச்சு வேலையில் தொடங்கிய நான், இன்று இந்த எழுத்து வேலையில்தான் வீட்டுச் செலவையும் மகளின் படிப்பையும் பார்க்கிறேன். ஆனால் எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. எழுத்துக்கு விலை சொல்லவும் தெரிய வேண்டும்.

முதலில் வேலை என்னவென்று பார்ப்போம். ஒரு கடையோ விடுதியோ சங்கமோ இணையத்தளம் திறந்தால், தாங்கள் யார், என்ன விற்கிறார்கள், என்ன விலை, எப்படித் தொடர்புகொள்வது என்று எழுத ஒருவர் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தரவும் ஆள் தேடுவார்கள். அந்த ஆளாக நாம் இருக்கலாம்.

'தரமான பொருள், சிறந்த சேவை' என்று எவரும் எழுதலாம். 2022 நவம்பரில் சட்ஜிபிடி வந்தபின் அப்படியான பொது வரிகளைக் கணினியே நொடியில் எழுதிவிடுகிறது. அதற்கு யாரும் நமக்குக் காசு தரப்போவதில்லை. பனங்கட்டி விற்கும் அக்காவிடம் போய், ஒரு குட்டான் எத்தனை கிராம், எத்தனை நாள் கெடாமல் இருக்கும், கொழும்புக்குத் தபாலில் அனுப்பினால் உருகாதா என்று கேட்டு எழுதுங்கள். வாங்குபவருக்கு வேண்டியது அதுதான். கேட்டறிவதுதான் இந்தத் தொழிலின் பாதி.

பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பாமினியில் அடித்ததை அப்படியே இணையத்தளத்தில் போட்டால், பார்ப்பவரின் திரையில் ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமாகக் குழம்பித் தெரியும். யுனிக்கோட் முறையில் அடித்துக் கொடுக்க வேண்டும். கையில் பழகிய விசைப்பலகையை மாற்றத் தேவையில்லை. பாமினி விசை அமைப்பிலேயே யுனிக்கோடில் அடிக்கும் மென்பொருட்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

இனி விலை. 'இரண்டு வரிதானே தங்கச்சி, எழுதித் தாரும்' என்பார்கள். தையலுக்கு அளந்து கூலி தருபவர்களும் எழுத்தை உதவியாகவே நினைக்கிறார்கள். ஆகவே கணக்கை நாமே போட்டு வைத்திருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். உங்களுக்கு மாதம் 40,000 ரூபா தேவை. வீட்டு வேலை போக மாதம் 80 மணித்தியாலம் ஒதுக்க முடிகிறது. அதில் 30 மணித்தியாலம் வேலை தேடவும் தொலைபேசியில் கதைக்கவும் போய்விடும். காசு வரும் நேரம் 50 மணித்தியாலம்தான். அப்படியானால் ஒரு மணித்தியாலத்துக்கு 800 ரூபா. ஒரு பக்கத்துக்கு விபரம் கேட்க ஒரு மணித்தியாலம், எழுத இரண்டு, திருத்த ஒன்று என்றால் 3,200 ரூபா. இணையக் கட்டணமும் மின்சாரமும் இதற்கு மேல். இந்தக் கணக்குக் கையில் இருந்தால் விலை சொல்லும்போது குரல் தளராது.

விலையைப் பேசியதும் வட்ஸ்அப்பிலாவது எழுத்தில் அனுப்புங்கள்: எத்தனை பக்கம், எத்தனை தடவை திருத்தம், எந்தத் திகதி, எவ்வளவு காசு. பாதிப் பணம் முன்கூட்டி வந்தபின் தொடங்குங்கள். விடுதிக்காரர் ஒருவர் என்னிடம் 6 பக்கங்கள் எழுதுவித்துத் தளத்திலும் போட்டுவிட்டு, மிச்சக் காசைத் தராமலே விட்டுவிட்டார். பாதி முன்பணம் கையில் இருந்தபடியால் அந்த மாத அரிசிக்குக் குறையில்லை. கணவரை இழந்து தனியே குடும்பம் தாங்கும் நமக்கு முன்பணம் கேட்பது பேராசையல்ல. அது பாதுகாப்பு.

ஆங்கிலம் எழுத வருபவர்கள் பைவர் போன்ற தளங்களில் வெளிநாட்டு வேலை எடுக்கலாம். அங்கும் கணக்குப் பார்க்க வேண்டும். பைவர் 20 வீதத்தைக் கழித்துக்கொள்ளும். 10 டொலர் வேலைக்கு உங்களுக்கு 8 டொலர்தான். அதை வங்கிக்கு மாற்றும்போது இன்னொரு கட்டணமும் போகும். அந்த 8 டொலரைப் பார்த்துத்தான் வேலையை ஏற்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும்.

இன்னொன்று: வேலை தருவதாகச் சொல்லிப் பதிவுக் கட்டணம் கேட்பவர்களுக்கு ஒரு சதமும் கட்டாதீர்கள். உழைப்பவருக்குத்தான் காசு வர வேண்டும், அவரிடமிருந்து போகக் கூடாது. வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தையோ கைத்தொலைபேசிக்கு வரும் இரகசியக் குறியீட்டையோ எவர் கேட்டாலும் சொல்லக் கூடாது.

தொடங்க விரும்புபவர்கள் இந்த மாதம் ஒரு சிறு பயிற்சி செய்து பாருங்கள். உங்கள் ஊரில் மிளகாய்த்தூளோ பாயோ கருவாடோ விற்கும் ஒருவரிடம் போய்ப் பத்துக் கேள்விகள் கேளுங்கள். 200 சொற்களில் எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். 'ஓம், இது என்ர கடைதான்' என்று அவர் சொன்னால் உங்கள் முதல் மாதிரிப் பக்கம் தயார். வேலை கேட்டுப் போகும்போது அதைக் காட்டுங்கள். அவர்கள் கேட்கும் முன்பே உங்கள் விலையையும் சொல்லுங்கள்.