உளுத்த பலகைக்குச் சாயம் பூசினால் போதுமா?

பத்துமலைப் படி ஏறாத தோட்டத் தொழிலாளர் குடும்பம் இந்நாட்டில் உண்டோ? 1892 முதல் தைப்பூசம் கண்டுவரும் அத்திருத்தலத்தில், மேற்குகைக்கு ஏற 1920-இல் மரப்படிகள் அமைக்கப்பட்டன. இன்று நாம் ஏறுவதோ 272 சிமெண்டுப் படிகள். வெயிலிலும் மழையிலும் நிற்கும் மரத்தைப் பேண வேண்டும். பேண இயலாவிடில் மாற்ற வேண்டும். காவடி சுமப்பவன் காலின் கீழ் உள்ள படி உறுதியாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

இந்த நியாயம் தோட்டத்து லயனுக்கு மட்டும் பொருந்தாதா என்று கேட்கிறோம்.

எஞ்சியிருக்கும் பலகை வீடுகளைப் பாருங்கள். விடியற்கால இருட்டில் பால் வெட்டப் புறப்படும் தாய் கால் வைக்கும் வாசற்படி உளுத்துக் கிடக்கிறது. குழந்தை பிடித்து நிற்கும் கைப்பிடிக் கட்டை ஆடுகிறது. முறையிட்டால் மூன்று சமாதானங்கள் கிடைக்கின்றன.

"மரம் என்றால் உளுக்கத்தான் செய்யும்" என்பது முதலாவது. எந்த மரம்? கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தார் மரக்கட்டைகளை மண்ணில் நட்டுச் சோதித்திருக்கிறார்கள். செங்கால் மரம் பத்தாண்டுக்கு மேல் தாங்கும் முதல் வகுப்பு. நாம் பால் வெட்டும் ரப்பர் மரமோ இரண்டாண்டு கூடத் தாங்காத கடைசி வகுப்பு. அந்த ரப்பர் மரமே போரான் மருந்து ஏற்றப்பட்டு, நாற்காலியாகவும் மேசையாகவும் கடல் கடந்து போகிறது. ஆனால் அது வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கான மருந்து. மழையில் கரைந்து போகும். வெளியில் கிடக்கும் மரத்துக்கு வேறு மருந்து வேண்டும். தண்டவாளத்தின் கீழே கிடந்த கெம்பாஸ் கட்டைகளுக்குக் கிரியோசோட் எண்ணெயை அழுத்தி ஏற்றினார்கள். ரயிலைத் தாங்கும் கட்டைக்கு மருந்து உண்டு. தொழிலாளியைத் தாங்கும் படிக்கு இல்லையா?

"தொழிலாளி தண்ணீர் கொட்டிக் கெடுக்கிறான்" என்பது இரண்டாவது. இது வீண்பழி. மரத்தை அரிப்பது பூஞ்சணம். மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இருந்தால் அது வளராது. பலகை எங்கே உளுக்கிறது என்று பாருங்கள். ஒழுகும் பீலியின் கீழே, மண்ணைத் தொடும் தூணின் அடியில், மழை குடிக்கும் பலகை நுனியில்! பீலியை ஓட்டை போட்டது தொழிலாளியின் வாளியா?

"சாயம் அடித்தாயிற்றே" என்பது மூன்றாவது. பெரிய துரை வரும் வாரத்தில் அடிக்கும் சாயம் பலகைக்கு அன்று, கண்ணுக்கு. ஈரப் பலகையின் மேல் சாயம் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். பளபளப்புக்குப் பின்னால் பூஞ்சணம் தன் வேலையைப் பார்க்கும். முதலில் ஒழுகலை அடைக்க வேண்டும். உளுத்ததை வெட்டி எறிந்து மருந்தேற்றிய பலகை போட வேண்டும். தூணின் அடி மண்ணைத் தொடாதபடி கல்லின் மேல் நிற்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு, நுனிகளையும் விடாமல் சாயம் பூச வேண்டும். சாயம் கடைசி வேலை, முதல் வேலையன்று.

இது பிச்சை கேட்பதன்று. தோட்டத் தொழிலாளர் வீடுகளைப் பழுதின்றி வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் சொல்கிறது.

தோழர்களே, நம் பங்கும் உண்டு. விறகையும் மண்ணையும் பலகைச் சுவரோடு சேர்த்துக் குவிக்காதீர்கள். கரையான் புற்றுக்கோடு ஏறக் கண்டால் உடனே தெரிவியுங்கள். வீட்டு எண்ணும் தேதியும் போட்டு எழுத்தில் முறையிடுங்கள்; ஒரு நகலைச் சங்கத்தில் கொடுங்கள்.

கிராணி நண்பர்களே, உங்களுக்கும் ஒரு சொல். சாயம் மட்டும் அடித்த வீட்டுக்கு "பழுது பார்க்கப்பட்டது" என்று கணக்கில் எழுதாதீர்கள். அந்தப் பேனாவும் உளுத்த பலகையை மறைக்கும் சாயமே ஆகும். சாயம் என்றால் சாயம் என்றே எழுதுங்கள். அந்த ஒரு வரி, நாளை படி முறிந்து ஒருவர் கால் ஒடியும்போது, யார் பொறுப்பு என்பதைச் சொல்லும்.