படக்கதை என்றால் பிள்ளைகளுக்கு மட்டும்தானா?

2025 செப்டம்பர் மாதத்தில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' என்னும் ஜப்பானிய அனிமேஷன் திரைப்படம் இந்தியத் திரையரங்குகளில் வெளியானது. ஆங்கிலம், இந்தி, தெலுங்கு ஆகியவற்றோடு தமிழிலும் அது பேசியது. இப்படத்திற்கு மூலம் 'மங்கா' என்று அழைக்கப்படும் ஜப்பானியப் படக்கதை. கொயோஹரு கொதோகே என்பவர் 2016 முதல் 2020 வரை வரைந்த இக்கதை 23 தொகுதிகளாக வந்துள்ளது. படம் பார்த்த பிள்ளைகள் அடுத்துக் கதையைத் தேடுகிறார்கள். பீங்கான் நகராம் விருத்தாசலத்தில் இருக்கும் பிள்ளை இதற்காகச் சென்னைப் புத்தகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. அப்பாவின் கைப்பேசியே போதும். 'எட்டாம் வகுப்புப் பிள்ளை இதைப் படிக்கலாமா?' என்ற கேள்வி இன்று நம் இல்லங்களுக்கு வந்துவிட்டது.

நம்மில் பலர் இக்கேள்வியைக் கேட்பதே இல்லை. காரணம், படக்கதை என்றாலே அது சிறுவர்களுக்கு உரியது என்ற நம் எண்ணம். 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா', 1972இல் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்த முத்து காமிக்ஸ் ஆகியவற்றைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். 'பிள்ளை பாடம் படிக்காவிட்டாலும் ஏதோ பொம்மைக் கதை படிக்கிறது' என்று விட்டுவிடுகிறோம்.

ஜப்பானில் நிலைமை வேறு. அங்கே சிறுவர்களுக்கு 'ஷோனென்', சிறுமியருக்கு 'ஷோஜோ', வளர்ந்த ஆண்களுக்கு 'செய்னென்', வளர்ந்த பெண்களுக்கு 'ஜோசெய்' என்று படக்கதைகள் தனித்தனியே வெளியாகின்றன. அலுவலகம் செல்வோருக்கும் குடும்பத் தலைவியருக்கும் அவரவர் வயதிற்கேற்ற இதழ்கள் உண்டு. பலவற்றிலும் பெரிய கண்களும் துறுதுறுப்பான முகங்களும் இருப்பதால், அட்டைப்படத்தை மட்டும் பார்த்து வயதை அறிய முடியாது.

ஷின்-சான் கற்பித்த பாடம்

நம் வீடுகளில் அனைவருக்கும் தெரிந்த ஷின்-சானை எடுத்துக்கொள்வோம். யொஷிதோ உசுய் 1990இல் இக்கதையைத் தொடங்கியது வளர்ந்தவர்களுக்கான வார இதழ் ஒன்றில். ஐந்து வயதுச் சிறுவனின் வாயிலாகப் பெரியவர்களின் வாழ்க்கையைக் கேலி செய்யும் கதை அது. இதன் தொலைக்காட்சித் தொடர் 2006இல் ஹங்காமா தொலைக்காட்சி வழியாக இந்தியாவிற்கு வந்தபோது, நம் நாட்டில் அது குழந்தைகளின் நிகழ்ச்சி ஆகிவிட்டது. பெற்றோரிடமிருந்து புகார்கள் எழுந்தன. 2008இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அதற்குத் தடை விதித்தது. பின்னர் பல காட்சிகள் வெட்டப்பட்டு மீண்டும் ஒளிபரப்பானது. இதில் தவறு கதையில் இருந்ததா? ஒரு வயதினருக்காக எழுதியதை, யாருக்கு எழுதியது என்று கேளாமலே இன்னொரு வயதினர் கையில் கொடுத்ததுதான் தவறு.

எழுதப்பட்டது ஒருவருக்கு, போய்ச் சேர்ந்தது இன்னொருவருக்கு என்பது எப்போதும் தீமையாக முடிவதில்லை. நமக்கு அருகில் உள்ள கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், தமிழ் கற்க வந்த அயல்நாட்டு மறைபணியாளர்களுக்காகவே 'பரமார்த்த குருவின் கதை'யை எழுதினார். இன்று அது குழந்தைகளின் கதையாக வாழ்கிறது. ஆகவே, அயல்நாட்டிலிருந்து வந்தது, பெரியவர்களுக்கு எழுதியது என்பதற்காக மட்டும் ஒன்றை நாம் ஒதுக்கிவிட முடியாது. ஜப்பானியச் சித்திர பாணியும் அதனளவில் குற்றமன்று. 2025 யூபிலி ஆண்டிற்காகத் திருப்பீடம் 2024 அக்டோபரில் அறிமுகப்படுத்திய 'லூச்சே' என்னும் சிறுமியின் உருவமே அந்தப் பாணியைத் தழுவியதுதான்.

வயதுக் குறி எதைச் சொல்கிறது?

நம் நாட்டில் திரைப்படங்களுக்குத் தணிக்கைச் சான்று உண்டு. 2024 முதல் 'யு/ஏ' சான்று 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. புத்தகங்களுக்கு அப்படி ஒரு முன்சான்று கிடையாது. வன்முறையும் அருவருப்பும் நிறைந்த கதைகளிலிருந்து இளையோரைக் காக்க 1956இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அத்தகைய நூல்களை விற்பவரைத் தண்டிப்பது பற்றியது அது. எந்தப் புத்தகம் எந்த வயதிற்கு என்று நமக்குச் சொல்வது அன்று.

சில பதிப்பகங்கள் தாங்களே வயதுக் குறி இடுகின்றன. அமெரிக்காவின் விஸ் பதிப்பகத்தின் நூல்களில் 'டி' என்றால் 13 வயதிற்கு மேல், 'டி பிளஸ்' என்றால் 16 வயதிற்கு மேல், 'எம்' என்றால் 18 வயதிற்கு மேல். இங்கே கவனம் தேவை. அவர்களின் 'ஏ' குறிக்கு 'எல்லா வயதினரும் படிக்கலாம்' என்று பொருள். நம் திரைப்படங்களின் 'ஏ' குறிக்கு நேர் எதிர்ப்பொருள்!

'ஷோனென்' என்ற சொல்லையும் சான்றாகக் கொள்ள முடியாது. 1968இல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' சிறுவர் இதழ்தான். கடற்கொள்ளையர் கதையான 'ஒன் பீஸ்' அதில்தான் வந்தது. அதற்கு விஸ் இட்ட குறி 13 வயது. பெயரை எழுதினாலே அந்த மனிதர் இறந்துபோகும் குறிப்பேட்டைக் கொண்டு, குற்றவாளிகளை ஒழிப்பதாக எண்ணிக் கொலை செய்யும் மாணவனின் கதையான 'டெத் நோட்' 2003 முதல் 2006 வரை அதே இதழில் வந்தது. அதற்கு 16 வயது.

குறிகளும் நாட்டிற்கு நாடு மாறுகின்றன. 'இன்ஃபினிட்டி காசில்' படத்தை ஜப்பானில் 12 வயதிற்குக் குறைந்தவர்கள் பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்கலாம். அமெரிக்காவிலோ 17 வயதிற்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையின்றிப் பார்க்க இயலாது. ஆக, வயதுக் குறி ஒரு தொடக்கமே தவிர முடிவு அன்று. அனுமதியின்றிப் பக்கங்களைப் படியெடுத்துப் போடும் இணையத்தளங்களில் அந்தத் தொடக்கமும் கிடைப்பதில்லை. அங்கே பின்னட்டையும் இல்லை, குறியும் இல்லை.

இரத்தம் இருந்தாலே தீயதா?

கெய்ஜி நகஸாவா ஆறு வயதில் ஹிரோஷிமா அணுகுண்டிலிருந்து உயிர் தப்பியவர். தாம் கண்டதை 1973 முதல் 'வெறுங்கால் கென்' என்னும் படக்கதையாக வரைந்தார். அதில் வரும் காட்சிகள் கொடியவை. 2012 டிசம்பரில் ஜப்பானின் மத்ஸுயே நகரக் கல்வித்துறை, மாணவர்கள் தாங்களாக எடுத்துப் படிக்க முடியாதபடி இந்நூலைப் பள்ளி நூலகங்களில் உள்ளே வைக்கச் சொன்னது. 2013 ஆகஸ்டில் செய்தி வெளியானதும் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அம்மாதம் 26ஆம் நாள் அக்கட்டுப்பாடு விலக்கிக்கொள்ளப்பட்டது.

இருதரப்பிலும் நியாயம் இருந்தது. ஏழு வயதுக் குழந்தை இதைத் தனியே புரட்டினால் அஞ்சி நடுங்கும். ஆனால் பதினான்கு வயது மாணவர் இதைப் படித்தால் போரை வெறுக்கக் கற்றுக்கொள்வார். எனவே வன்முறை இருக்கிறதா என்று கேட்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. அந்த வன்முறை வலியாகக் காட்டப்படுகிறதா, விளையாட்டாகக் காட்டப்படுகிறதா என்றும் கேட்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, பிள்ளையோடு அமர்ந்து சில பக்கங்களைப் படிப்போம். மங்கா வலமிருந்து இடமாகச் செல்வது. நாம் கடைசிப் பக்கம் என்று நினைப்பதே முதல் பக்கம். எப்படிப் படிப்பது என்று பிள்ளையிடமே கேட்டால் பேச்சும் தொடங்கிவிடும்.

இரண்டாவதாக, முதல் தொகுதியைப் பார்த்து முடிவு செய்யாதிருப்போம். நீண்ட தொடர்களில் கதை போகப்போகக் கடுமையாகும். நடுவிலிருந்தும் பிற்பகுதியிலிருந்தும் ஒவ்வொரு தொகுதியைப் பார்ப்போம்.

மூன்றாவதாக, பெண்கள் எப்படி வரையப்பட்டுள்ளனர் என்று கவனிப்போம். சண்டைக்கு அஞ்சும் நாம், சிறுவர் கதைகளிலும் பெண்ணின் உடலைக் கேலிப்பொருளாக்கும் படங்களைக் கவனியாது விடுகிறோம்.

நான்காவதாக, நம் பிள்ளையின் மனநிலையை எண்ணிப் பார்ப்போம். 'டீமன் ஸ்லேயர்' தொடங்குவதே ஒரு குடும்பம் கொல்லப்படுவதில்தான். தங்கையை மீட்கப் போராடும் அண்ணனின் பாசம் அதில் உண்டு. பகைவனுக்காகவும் இரங்கும் மனம் உண்டு. ஆனாலும் அண்மையில் வீட்டில் ஓர் இறப்பைக் கண்ட பிள்ளைக்கு இது ஏற்ற நேரமா? இதற்கு எந்தப் பதிப்பகமும் குறி இட முடியாது. பெற்றோரால் மட்டுமே சொல்ல முடியும்.

நம் ஊர் செராமிக் தொழிலாளர்கள் அறிந்த ஒன்று உண்டு. ஈரம் காயாத பொம்மையைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். நன்கு காய்ந்த பொம்மையோ அதே சூட்டில் உறுதி பெறும். ஆனால் காய்ந்துவிட்டதா என்பதைத் தொட்டுப் பார்ப்பவரே அறிவார்.

தொட்டுப் பார்க்க அருகில் இருக்க வேண்டும். கைப்பேசியைப் பிடுங்குவது ஒரு நிமிட வேலை. ஆனால் அதன்பின் பிள்ளை நமக்குத் தெரியாமல் படிக்கும். படித்ததில் ஏதேனும் அஞ்ச வைத்தால் நம்மிடம் சொல்லவும் வராது. "இன்னும் இரண்டு ஆண்டு போகட்டும், சேர்ந்து படிப்போம்" என்று காரணத்தோடு சொல்லப்படும் மறுப்பைப் பிள்ளைகள் ஏற்பார்கள். இந்த வாரம் நம் பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்போமா?