கருவியும் கையும்

பழவேற்காடு ஏரியில் இறால் பிடிப்போரிடையே ‘பாடு’ என்னும் முறை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. மீன் படும் இடங்களைச் சீட்டுப் போட்டுப் பங்கிட்டுக்கொண்டு, அவரவர் முறைப்படி வலையிடுவார்கள். வலை எத்துணை உயர்ந்ததாயினும், முறை வகுத்து நடத்த ஒரு சமூகம் இல்லாவிடில் அவ்வலையால் அனைவரும் வாழ முடியாது. மருத்துவத் துறையில் இன்று பெரிதும் பேசப்படும் மின்னணுக் கருவிகளுக்கும் இது பொருந்தும்.

கருவிகளுக்குக் குறைவில்லை. 2020 முதல் ‘இ-சஞ்சீவனி’ வாயிலாக, வீட்டிலிருந்தபடியே டாக்டரிடம் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். 2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம், 14 இலக்க எண்ணொன்றின் கீழ் ஒருவருடைய நோய்க் குறிப்புகளை ஒன்று சேர்க்க வழி செய்கிறது. ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய மீனவக் குடும்பங்களுக்கு இவை வரவேற்கத் தக்கனவே.

ஆயினும், கருவி வந்தவுடன் நோய் அடங்கிவிடும் என்று எண்ணலாகாது. ஹரியானாவிலும் கர்நாடகத்திலும் 40 சமுதாய சுகாதார நிலையங்களில் ‘எம்-வெல்கேர்’ என்ற ஆராய்ச்சி நடைபெற்றது. அதன் முடிவு 2019இல் வெளியாயிற்று. ஒரு பாதி நிலையங்களில், நர்ஸ் கையிலிருந்த கணினிப் பலகை நோயாளியின் அளவுகளைக் கொண்டு சிகிச்சைக்கு யோசனை கூறியது. மறு பாதியில் அக்கருவி இல்லை. பயிற்சி பெற்ற நர்ஸ் மட்டும் இருந்தார். ஓராண்டின் முடிவில் இரு பாதியிலும் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் குறைந்திருந்தன; கருவியால் தனி வேறுபாடு காணப்படவில்லை. உலக சுகாதார நிறுவனமும் அதே 2019இல், இத்தகைய சாதனங்கள் சுகாதார அமைப்புக்குத் துணையேயன்றி அதற்கு ஈடாகா என்று எடுத்துரைத்தது.

இதில் நாம் வியப்படைய ஒன்றுமில்லை. தறி எவ்வளவு புதிதாயினும், நூலும் நெய்பவர் கையும் இன்றிச் சேலை வருமா? விதை உயர்ந்ததாயினும், நீர் பாய்ச்ச ஆள் வேண்டாமா?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அந்தக் கையை வீட்டு வாயிலுக்கே அனுப்புகிறது. பணியாளர்கள் வீடு வந்து அளவு பார்த்து மாத்திரை தருகிறார்கள். ஆனால் அவர்கள் வரும் வேளையில் மீனவர் ஏரியிலிருப்பார். அவர் மனைவி மீன் கூடையோடு சந்தையிலிருப்பார். மாத்திரையை நினைவூட்டும் செய்தி வருகிற கைப்பேசியோ, மகனிடத்தில் இருக்கக்கூடும். இந்த இடைவெளியை எந்தக் கருவியும் தானாக நிரப்பாது.

இங்குதான் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வேலை இருக்கிறது. படகு கரை சேர்ந்து மீன் விலை பேசி முடிந்த வேளையில், வாரம் ஒரு நாள் சங்கக் கட்டடத்திலேயே பணியாளர் அமர்ந்து அளவு பார்க்க இடம் கொடுக்கலாம். கைப்பேசி இல்லாத முதியவரை அங்கேயே டாக்டருடன் பேச வைக்கலாம். மாத்திரை தீரும் நாளில் அவருக்கு நினைவூட்ட ஓர் அங்கத்தினரை நியமிக்கலாம். ஒருவருடைய நோய் விவரம் மட்டும் பணியாளரிடமே இருக்க வேண்டும். சங்கத்தின் கணக்கில் ஏறலாகாது.

நெசவாளர் சங்கங்களுக்கும் விவசாயிகள் சங்கங்களுக்கும் நாம் கூறுவது இதுவே. கூலியும் கடனும் வழங்கும் நாளன்று ஒரு மேஜையும் இரண்டு நாற்காலிகளும் ஒதுக்கினால் போதும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகிறோம்.