கார்டு மட்டும் போதாது

1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கே உரியது என்று மருத்துவ உலகம் பெரிதும் நம்பியிருந்த அரிவாள் செல் தன்மை அங்கேயும் இருந்தது.

மரபணு நோய்களிலேயே மிகத் துல்லியமாகப் புரிந்துகொள்ளப்பட்டவற்றில் ஒன்று அரிவாள் செல் நோய். நோயாளிகளின் ஹீமோகுளோபினே வேறு வகை என்பதை 1949இல் லைனஸ் பாலிங் குழு காட்டியது. சில ஆண்டுகளில் வெர்னான் இங்ராம் குறை இருக்கும் இடத்தையே பிடித்துவிட்டார். பீட்டா சங்கிலியின் 146 அமினோ அமிலங்களில் 6ஆவது மட்டும் மாறியிருக்கிறது; குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின். இந்த ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகிறது. சிவப்பணு விறைத்து, அரிவாளாக வளைந்து, நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்கிறது. தாங்க முடியாத வலி அப்படித்தான் வருகிறது. 120 நாள் வாழ வேண்டிய அணு 10, 20 நாளில் சிதைவதால் சோகையும் சேர்ந்துகொள்கிறது.

பெற்றோர் இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. மலேரியா மண்டிய காடுகளில் இந்த மரபணு தலைமுறை தலைமுறையாக நிலைத்ததற்கு அதுவே காரணம். இதை 'அந்தச் சாதிக்காரர்களின் ரத்தக் கோளாறு' என்று பேசுவது அறியாமை.

2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையிலான 'காஸ்ஜெவி' சிகிச்சையை அனுமதித்தன. கருவில் இருந்தபோது உருவான ஹீமோகுளோபினை மீண்டும் உருவாக வைக்கும் அபார உத்தி. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர்! அதே கரு ஹீமோகுளோபினை ஓரளவு கூட்டும் ஹைட்ராக்ஸியூரியா என்ற பழைய மாத்திரையும் இருக்கிறது. நோயைத் தீர்க்காது; வலித் தாக்குதல்களைக் குறைக்கும். விலையும் ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு.

2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய அரிவாள் செல் நோய் ஒழிப்பு இயக்கம் 7 கோடிப் பேரைப் பரிசோதித்து, முடிவைக் கார்டாகத் தரத் திட்டமிட்டது. நல்லதுதான். ஆனால், கார்டு வலியைக் குறைக்காது. மாதந்தவறாமல் மாத்திரை கிடைக்க வேண்டும். அதை உட்கொள்பவரின் ரத்த அணுக்களை அவ்வப்போது எண்ணிப் பார்க்கவும் வேண்டும். இரண்டும் மலைக் கிராமத்துக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்க வேண்டும். எத்தனை பேரைச் சோதித்தோம் என்பதோடு, எத்தனை பேர் தொடர்ந்து மருந்து உட்கொள்கிறார்கள் என்ற கணக்கையும் அரசு மாவட்டவாரியாக வெளியிட வேண்டும்.