கூச்சலா? குரலா?

மேடையில் அமர்ந்திருப்போருக்கு ஒரு பழைய பழக்கம். மக்கள் கைதட்டினால் ஆதரவு. எதிர்த்து முழங்கினால் கலகம்! தூத்துக்குடித் தோழர்கள் இதை இருமுறை கண்டவர்கள்.

1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வெள்ளையரைக் கண்டால் மக்கள் 'வந்தே மாதரம்' என்று முழங்கினர். வாழ்த்துச் சொல்தான், துரைமார் காதில் அது வசையாக விழுந்தது! மார்ச் 12-இல் வ.உ.சி.யும் சிவாவும் கைதாயினர். மில் தொழிலாளர் மறுபடியும் வேலையை நிறுத்தினர். மறுநாள் நெல்லை கொதித்தெழுந்தது. கட்டடங்கள் எரிந்தன, மறுக்கவில்லை. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர்.

துரைமார் போனார்கள். துப்பாக்கி போயிற்றா?

2018 மே 22. 'ஸ்டெர்லைட்டை மூடு' என்று நூறாவது நாளாக முழங்கிய மக்கள் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தனர். போலீஸ் சுட்டதில் 13 உயிர்கள் போயின. அடுத்து, மூன்று மாவட்டங்களில் இணையத்தையும் நிறுத்தினர். தெருவில் எழுந்த குரலைச் சுட்டவர்கள், வீட்டிலிருந்து எழும் குரலை மட்டும் விட்டுவைப்பார்களா? தப்பி ஓடியவர்களையும் சுட்டனர் என்று 2022-இல் வெளிவந்த அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கையே கூறிற்று.

மே 30-இல் நடிகர் ரஜினிகாந்த் மருத்துவமனைக்கு வந்தார். காயம்பட்ட இளைஞர் ஒருவர் கேட்டது இவ்வளவுதான்: "யார் நீங்க?" கல் இல்லை, கூச்சல் இல்லை. நாடெங்கும் கேட்டது அந்தக் கேள்வி! போராட்டத்தில் சமூக விரோதிகள் புகுந்துவிட்டதாக அன்றைக்கே அவர் பேட்டி கொடுத்தார்.