லாஹௌலின் கசப்புப் பயிர்

இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்குக்கு இப்போது கார்கள் சாரிசாரியாகப் போகின்றன. 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பின், ரோதாங் கணவாயைப் பனி மூடினாலும் அந்தப் பகுதி முன்போல் மாதக்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடப்பதில்லை. போகிறவர்கள் பனியைப் பார்க்கிறார்கள்; படம் பிடிக்கிறார்கள்; மாலைக்குள் மணாலிக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த மண்ணின் அரிய பயிர் ஒன்று அருகிவிட்டது அவர்கள் கண்ணில் படுவதில்லை.

அந்தப் பயிர் ஹாப்ஸ். பியருக்குக் கசப்பும் மணமும் தருவது இந்தக் கொடியின் பூதான். கடுங்குளிரும் நீண்ட கோடைப் பகலும் கேட்கும் இக்கொடி, இந்தியாவில் வணிகப் பயிராக வேரூன்றியது லாஹௌலில்.

மது நல்லதா, கெட்டதா என்பது வேறு வழக்கு. பியர் ஆலைகள் சட்டப்படி நடக்கின்றன. பெங்களூரில் வாடிக்கையாளர் கண்ணெதிரிலேயே பியர் தயாரிக்கும் சிறு ஆலைகளும் பெருகிவிட்டன. அவற்றுக்கு வேண்டிய ஹாப்ஸோ பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருகிறது. லாஹௌல் விவசாயி கட்டுப்படியாகும் விலை கிடைக்காமல் பட்டாணிக்கும் காலிபிளவருக்கும் மாறினார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஹாப்ஸ் முழு விளைச்சல் தர மூன்று ஆண்டுகள் வரை ஆகும். பறித்த பூவைச் சில மணி நேரத்துக்குள் உலர்த்தத் தொடங்காவிட்டால் கெட்டுவிடும். உலர்த்தும் கூடமும் குளிர்பதனக் கிடங்கும் இல்லாதவர், வியாபாரி சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டும். ஆலைக்காரர் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு கசப்பு அவருக்கு வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு பரிசோதனைச் சான்றுடன் வருகிறது.

ஆகவே செய்ய வேண்டியது தெளிவு. உலர்த்தும் கூடம், கிடங்கு, பரிசோதனைச் சாலை மூன்றையும் மாநில அரசு பள்ளத்தாக்கிலேயே அமைக்க வேண்டும். ஆலைகள் விலையை முன்கூட்டியே பேசி, சில ஆண்டுகளுக்கேனும் கொள்முதல் உறுதி தர வேண்டும். ஜெர்மனியின் ஹாலர்டாவ் வட்டாரத்தில் ஹாப்ஸ் தோட்டங்களே சுற்றுலாவுக்கு உரியவை. அங்கே வோல்ன்சாக் என்ற ஊரில் இந்தப் பயிருக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. லாஹௌலிலும் அறுவடைக் காலத்தில் தோட்டங்களைப் பார்க்க ஏற்பாடு செய்தால், சுற்றுலாப் பணத்தில் ஒரு பங்கு உழுதவர் கைக்கும் போகும்.

சுரங்கப்பாதை வழி திறந்துவிட்டது. அதன் வழியே பயணிகள் உள்ளே போனால் மட்டும் போதாது; விவசாயியின் விளைச்சலும் நல்ல விலைக்கு வெளியே வர வேண்டும்.