மணலுக்கு ரசீது உண்டு!

"இந்தத் தண்ணியில கப்பல் எங்க சார் மூழ்கும்?"

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் என்னை இறக்கிவிட்ட ஆட்டோக்காரர் கேட்டார். கோடைக் காவிரியைப் பார்த்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். சரி, கப்பல் வேண்டாம். படகு? பரிசல்? பீரங்கிக் குண்டு?

1752-ஐ நினைத்துப் பாருங்கள். ஸ்ரீரங்கம் தீவில் பிரெஞ்சுப் படை. தெற்கே திருச்சிக் கோட்டையில் ஆங்கிலேயர். கொள்ளிடத்துக்கு அந்தப்பக்கம் சமயபுரத்தில் கிளைவ். ஜூனில் பிரெஞ்சுக்காரர்கள் சரணடைந்தார்கள். அதுவரை அரிசி மூட்டை முதல் வெடிமருந்து வரை ஆற்றைத் தாண்டித்தானே போயிருக்க வேண்டும்? ஒன்றுகூடவா கவிழ்ந்திருக்காது?

இதே காவிரி கடலில் சேரும் பூம்புகாருக்கு எதிரே, சுமார் 19 மீட்டர் ஆழத்தில், உடைந்த கப்பல் ஒன்றை 1990-களில் ஆராய்ந்தார்கள். ஈயக் கட்டிகள் கிடைத்தன. மேலே 'பிளாக்கெட்' என்று பெயர், 1791, 1792 என்று வருஷம். அதைப் பிடித்துக்கொண்டு இங்கிலாந்தின் ஈய வியாபாரம் வரை போய்விட்டார்கள். பூம்புகார் முதல் நாகை வரை கடலுக்கடியில் தேடுவோம் என்று 2025 தமிழக பட்ஜெட்டிலும் அறிவிப்பு வந்தது. சந்தோஷம். ஆற்றுக்கு?

கப்பலைத் தேடத் தண்ணீரே வேண்டும் என்பதில்லை. கேரளத்தில் சேர்த்தலை பக்கம் தைக்கலில், 2002-03-ல் மண்ணைத் தோண்டித்தான் ஒரு பழைய மரக்கலத்தை வெளியே கொண்டுவந்தார்கள்.

நான் பி.காம். எதையும் பேரேட்டில் எழுதிப் பார்க்கிற புத்தி. 2003-ல் மணல் குவாரிகளை அரசே எடுத்துக்கொண்டது. லோடுக்கு ரசீது உண்டு. அந்த லோடோடு போன பலகைக்கு, நங்கூரத்துக்கு எந்தப் பக்கத்தில் பற்று எழுதுவது? 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். பொக்லைன் ஓட்டுகிறவரா இறங்கி வந்து, உளுத்த பலகைக்கு விலை போடப் போகிறார்?

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் தொல்லியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. திருச்சியில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. பிப்ரவரியிலிருந்து மே வரை மாணவர்களை ஆற்று மணலில் நடக்கவிடுங்கள். அளக்கட்டும், படம் எடுக்கட்டும், வரைபடத்தில் குறிக்கட்டும். பழைய துறைகள் எங்கே இருந்தன, சுழல் எங்கே என்று சொல்லிக்கொடுக்க பரிசல்காரர்களைக் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். முக்குளிக்கிற பயிற்சி அப்புறம்.

அந்த வரைபடத்தைப் பார்க்காமல் எந்தக் குவாரிக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். மேட்டூர் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. அதற்குள் ஒரு கோடைக்காவது, முக்கொம்பிலிருந்து கல்லணை வரை நடந்து பார்த்துவிடலாமே.